நாலு ஸ்பீக்கரில் என் ரகசியம்

காதலைச் சொல்லத் தைரியம் இல்லாதவர்கள் கடிதம் எழுதுவார்கள், தோழியைத் தூது அனுப்புவார்கள். நான் நாலு ஸ்பீக்கர் வைத்துச் சொன்னேன். தெரிந்து செய்யவில்லை என்பதுதான் எனக்கிருக்கும் ஒரே சமாதானம்.

அப்போது கடலூர் முதுநகரிலிருந்து தினமும் ரயிலில் சிதம்பரம் போய் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். பிரபாகர் எனக்கு ஒரு வருடம் சீனியர். லேப்டாப்பையும் ஒயர் முளைத்த பெட்டி ஒன்றையும் வைத்துக்கொண்டு, கிரைண்டர் ஓசை, பஸ் ஹாரன் என்று எதையெதையோ கலந்து இசை என்பான். (எனக்கு ஒரு மண்ணும் புரியாது. கண் கலங்க, "செமையா இருக்கு" என்பேன்.)

ஒருநாள் கேன்டீனில் வந்து, "உங்க ஊரு ஹார்பர் சத்தம் வேணுங்க. மீன்பிடி போட்டு வர்றது, மீன் ஏலம் போடுறது எல்லாம். ரெக்கார்ட் பண்ணித் தர முடியுமா?" என்றான்.

கேட்டிருந்தால் கடலையே மொண்டு வந்திருப்பேன். மறுநாள் விடியலில் என் அக்கா கலாவோடு துறைமுகத்துக்குப் போய் போனில் பதிவு செய்தேன். வீடு வந்த பிறகுதான் பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கடைசியில் கொஞ்சம் செருப்புச் சத்தம்தானே இருக்கும் என்று அப்படியே அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம், சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நிகழ்ச்சி. நாற்பது பேர் இருக்கலாம். "நான் குடுத்த சத்தம் மேடையில வருது" என்று பீற்றிக்கொண்டிருந்ததால் அப்பா, அம்மா, அக்கா மூவரும் வந்துவிட்டார்கள். மேடையில் பிரபாகரும் ஒரு தவில்காரரும். ஒத்திகை கிடையாதாம்; அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பார்களாம்.

கர்ர்ர் என்று ஓர் உறுமல் கிளம்பிப் பத்து நிமிடம் நீண்டது. எல்லாரும் நெளிந்தார்கள். அப்பா மட்டும் கண்ணை மூடித் தலையாட்டினார்.

"மாணிக்கம் மாமா போட்டு இன்ஜின்டி இது. இன்ஜெக்டர்ல அடைப்பு இருக்கு. நாளைக்கே சொல்லணும்."

அப்புறம் செருப்புச் சத்தம். அதன்மேல் அக்காவின் குரல்: "யாருடி அவன்?"

அடுத்தது என் குரல்: "சொல்ல மாட்டேன். அவனப் பாத்தாலே பசிக்கலக்கா."

அம்மா மெல்ல என் பக்கம் திரும்பினாள். அதோடு தொலைந்திருக்கலாம். பிரபாகருக்கு அந்த வரி பிடித்துப்போயிற்று. அதை மட்டும் வெட்டி எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டான். பசிக்கலக்கா... பசிக்கலக்கா... க்கா... க்கா... ஒவ்வொரு 'க்கா'வுக்கும் தவில்காரர் தோம் என்று ஒரு சாத்து. கூடமே சிரித்தது. நான் நாற்காலியில் உருகி வழிந்துகொண்டிருந்தேன்.

முடிந்ததும் அவன் நேராக என்னிடம் வந்தான். "அந்த 'க்கா'வுலதாங்க பீஸே நின்னுச்சு. ரொம்ப தேங்க்ஸ்."

வாழ்க்கையில் இருந்த மொத்தத் தைரியத்தையும் திரட்டிக் கேட்டேன். "அதுல என்ன சொல்லியிருக்குன்னு கேட்டீங்களா?"

"வார்த்தைய நான் கவனிக்கிறதே இல்லீங்க. சத்தம் மட்டுந்தான்."

சொல்லிவிட்டு ஒயரைச் சுருட்டத் தொடங்கினான். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அவன் சுருட்டச் சுருட்ட ஓரோர் அடியாக அவன் பக்கம் நகர்ந்தேன். கைக்கு எட்டும் தூரத்தில் ஒயர் முடிந்துவிட்டது. முனையை வாங்கிக்கொண்டு, "வரேங்க" என்றான். அந்த வருடமே பெங்களூருக்குப் போனான். பிறகு வெளிநாடு என்று கேள்வி.

நிகழ்ச்சி முடிந்த அன்று ராத்திரி, ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலில் அம்மா சர்வரிடம் சொன்னாள்: "மூணு பேருக்குத் தோசை போடுங்க. இவளுக்குப் பசிக்காதாம்."

அன்று தொடங்கியது. எங்கள் வீட்டில் யார் சாப்பாடு வேண்டாம் என்றாலும் அப்பா 'பசிக்கலக்கா' என்று எடுத்துக்கொடுப்பார், அக்கா இழுப்பாள், அக்கா மகள் தட்டில் தோம் போடுவாள். கல்யாணமான முதல் வாரமே என் கணவருக்கும் பழக்கிவிட்டார்கள். எல்லாரையும்விட ராகமாக இழுப்பவர் அவர்தான். சில நாள் எனக்கு நிஜமாகவே பசிக்காது. அப்போது மட்டும் அவர் பாடமாட்டார். யாரைப் பார்த்துப் பசிக்காமல் போனது என்றும் இதுவரை கேட்டதில்லை. என் தட்டில் ஒரு தோசையை வைத்துவிட்டுப் போய்விடுவார்.