மடிப்பக்கா பொம்மைக்கு ஏழே உடுப்பு

காரைக்குடி முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், மடிப்பக்காவைப் போல ஒரு நிமிஷம் சும்மா உட்காரத் தெரியாத மனுஷியைப் பார்க்க முடியாது. எங்கள் பெண்கள் விடுதியில் அடுக்குக் கட்டில். மேலே அவள், கீழே நான். அவள் காலாட்டினால் கட்டிலோடு நானும் ஆடுவேன். முதல் வாரமே தலைசுற்றலுக்கு மாத்திரை வாங்கினேன்.

ஆபீஸ் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவளுக்குக் கம்ப்யூட்டரில் பொம்மைதான். ஓர் உடம்பு வரைவாள். அதற்குச் சேலை, ரவிக்கை, செருப்பு என்று தனித்தனியாக வரைவாள். திறந்து பார்ப்பவர்கள் மவுசால் இழுத்து இழுத்துப் பொம்மைக்கு மாட்டிவிடலாம். அவ்வளவுதான். சல்லிக்காசு கிடையாது. இதற்கென்றே உலகம் பூராவும் ஒரு கூட்டம் இருக்கிறது. பிரேசிலில் ஒருத்தி தொப்பி மட்டுமே வரைவாளாம்!

சேலை மடிப்பு அச்சு அசலாக விழ வேண்டும் என்று அக்கா ஊரையே முறைத்துப் பார்ப்பாள். பெயர் வந்தது அப்படித்தான். ஒருநாள் கானாடுகாத்தான் பஸ்ஸில், முன்சீட்டு ஆச்சியின் முதுகுக்குப் பின்னால் நின்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

“என்னத்தா, என் முதுகுல படமா ஓடுது?”

“கண்டாங்கி கட்டத்த எண்ணுறேன் ஆச்சி. கொஞ்சம் அங்குட்டுத் திரும்புறீகளா?”

ஆச்சி திரும்பினார். எழுந்தே நின்றுவிட்டார். பஸ்ஸே சேர்ந்து கட்டம் எண்ணியது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் கூட்டத்தார் எல்லோரும் ஒரே நேரத்தில், நம் ஊர்க் கணக்குக்கு ஞாயிறு பகல் பன்னிரண்டுக்கு, பொம்மைகளை வெளியிடுவதாக ஏற்பாடு. தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். அக்கா ஏழு மாசம் உட்கார்ந்து நூற்றிருபது உடுப்பு முடித்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். கொடியிடைப் பொம்மை.

“சூப்பர்க்கா. ஒண்ணுகூட எனக்குப் பத்தாது” என்று சிரித்துவிட்டுக் குளிக்கப் போனேன். நமக்கு உடம்பு கொஞ்சம் தாராளம்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால், பொம்மைக்கு என் தொப்பை, என் புஜம், என் மூக்குக்கண்ணாடி! உடம்பு மாறினால் பழைய துணி ஒன்றும் அதற்குப் பொருந்தாது. நூற்றிருபதையும் முதலிலிருந்து வரைய வேண்டும்.

“அய்யய்யோ, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒங்களுக்கு? பழசையே போடுங்கக்கா!”

“அட போத்தா. ஏழு மாசமா யாருக்கோ தச்சிருக்கேன். ஒரே ரூம்ல கெடக்க, ஒனக்குன்னு ஒரு ரவிக்கை இல்ல.”

எனக்கு அழுகை வந்தது. கோபம்போலக் காட்டிக்கொண்டேன். ரெண்டு நாளும் அவள் கால் ஆடிய ஆட்டத்தில் டம்ளரில் டீ நிற்கவில்லை. ஞாயிறு பன்னிரண்டுக்கு முடிந்தது ஏழே உடுப்பு. ஏழோடு வெளியிட்டாள். கூட்டமே சிரிக்கப்போகிறது என்று நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலமே பிரேசில்காரி ஒரு தொப்பி வரைந்து அனுப்பினாள், என் தலைக்கு. பிறகு யார் யாரோ கோட்டு, கவுன், மழைச்சட்டை என்று அனுப்பினார்கள். கடைக்குக் கடை ‘ஒங்க சைசு இல்லம்மா’ என்று கேட்டே வளர்ந்தவள் நான். இன்றைக்கு என் உடம்புக்கென்றே முந்நூறு உடுப்பு இருக்கிறது. எதையும் பிரித்துத் தைக்க வேண்டாம்.

போன மாசம் அக்கா மாற்றலாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். மேல்கட்டிலுக்கு வந்திருக்கும் பெண் அசையவே மாட்டாள். நல்ல பிள்ளைதான். எனக்குத்தான் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.