சுற்றிக்கொண்டிருந்த விடுப்பு

மனித குலத்தின் மகத்தான கண்டுபிடிப்பு சக்கரம் அன்று, அம்புக்குறி. கட்டத்துக்குக் கட்டம் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டால் விண்ணப்பம் தானே நடந்து போகும். மனிதன் அதன் பின்னால் அலைய வேண்டாம். அட்டைப்பெட்டி நிறுவனம் ஒன்றுக்கு இந்தப் பேருண்மையை உணர்த்தியவர் அதன் மென்பொருள் வடிவமைப்பாளர். எந்நேரமும் திரையில் கோடு இழுத்ததால் ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் 'அம்பு'.

அதுவரை லீவு வேண்டுமென்றால் மேலாளர் அறை வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும். அந்த 'அநாகரிகத்தை' அம்பு ஒழித்தார். விண்ணப்பம் மேலாளருக்குப் போகும். அவர் விடுப்பில் இருந்தால் துணை மேலாளருக்கு. துணை மேலாளர் பதவி காலியாக இருந்ததால், திரும்ப மேலாளருக்கே. திறப்பு விழாவில் கைதட்டல் காதைப் பிளந்தது.

மூன்று மாதம் கழித்து அம்புவே மனைவியின் பிரசவத்துக்காக லீவு கேட்டார். 'பரிசீலனையில்' என்றது திரை. நான்கு நாள் கழிந்தும் அதையே சொன்னது. ஐந்தாம் நாள் காலை மனைவி போன் செய்தாள்.

"வலி எடுத்துடுச்சுங்க!"

"பரிசீலனையில இருக்கும்மா."

"எது, குழந்தையா?"

அம்பு மேலாளர் அறைக்கு ஓடினார். மேலாளர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க விடுப்புல இருக்கறதா காட்டுது!"

"நான் லீவுலயா இருக்கேன்? என்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே!"

"ஒரு கையெழுத்து மட்டும், சார்."

"சிஸ்டத்துல வந்தாத்தானே போட முடியும்? நீங்க வச்ச விதி தம்பி அது. அருமையான விதி!"

அம்பு அனுமதியில்லாமலே ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். மகள் பிறந்தாள். அவளைக் கையில் வாங்கிச் சிரித்த நொடியில் போன் சிணுங்கியது: 'அனுமதியின்றி வெளியேறியதற்கு உடனே விளக்கம் தருக. இது தானியங்கிச் செய்தி. பதில் அனுப்ப வேண்டாம்.' வாசகம் அவர் எழுதியதுதான். முதல் முறையாக அதில் ஏதோ இடித்தது.

மறுநாள் பொது மேலாளர் முன் போய் நின்றார்.

"சார், மேலாளரை யாரோ 'விடுப்பில்'னு போட்டுட்டாங்க. ஐம்பத்தெட்டு பேரோட லீவு மூணு மாசமா சுத்திக்கிட்டே இருக்கு. பேக்கிங் பிரிவு அக்கா கண் ஆபரேஷனுக்குக் கேட்டதுகூட!"

"யாரோ இல்ல தம்பி, நான்தான்." பொது மேலாளர் எழுந்து வந்து கை குலுக்கினார். "முன்னெல்லாம் 'முடியாது'ன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். அவர்கிட்ட அழுவாங்க, சண்டை போடுவாங்க. இப்போ பாருங்க, நாம யாருக்கும் லீவை மறுக்கவே இல்ல! இன்னையிலிருந்து நீங்கதான் துணை மேலாளர்."

அம்பு திரையைப் பார்த்தார். புதிய பதவியில் அவர் பெயர் ஏறியிருந்தது. பக்கத்திலேயே, 'விடுப்பில்'.

"அப்போ நான் வீட்டுக்குப் போகலாமா, சார்?"

"அதுக்கென்ன, தாராளமா! ஒரு விண்ணப்பம் போட்டுடுங்க."