சனிக்கிழமை வக்கீல்

நாற்பது வருடம் இலோய்லோ நகர நீதிமன்றத்தில் என் வாதத்தைக் கேட்டு நீதிபதிகளே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு மிஞ்சிய வாதம் முழங்காலில் இருப்பதுதான். வீட்டில் நீதிபதி என் மனைவி ரெமடியோஸ். அங்கே மேல்முறையீடு கிடையாது.

ஆகவே, கோவில் கூடத்தில் சனிக்கிழமைதோறும் ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி செய்ய முடியுமா என்று ஃபாதர் எமிலியோ கேட்டதும் உடனே தலையாட்டினேன். வெளியே சொன்ன காரணம் சேவை. உள்ளே இருந்த காரணம், சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஒட்டடை அடிக்கும் நாள்.

"அப்ப ஒட்டடை யார் அடிக்கிறது?" என்றாள் ரெமடியோஸ்.

"ஏழைங்க கண்ணீர் முக்கியமா, ஒட்டடை முக்கியமா, மெடி?"

பெருமூச்சு விட்டாள். "சரி, போயிட்டு வாங்க. உங்களைத் தடுக்க நான் யாரு?"

முப்பத்தெட்டு வருட தாம்பத்தியத்தில் நான் ஜெயித்த முதல் வழக்கு அது.

கூடத்துக்கு முதலில் வந்தவள் லூர்டெஸ். சந்தையில் மீன் விற்பவள். பிறப்புச் சான்றிதழை நீட்டினாள். பாலினம் என்ற இடத்தில் 'ஆண்' என்று இருந்தது.

"கல்யாணத்தைப் பதியப் போனேன், அட்டர்னி. ரெண்டு ஆம்பளைக்குப் பதிய முடியாதுன்னு அனுப்பிட்டாங்க."

"மாப்பிள்ளை என்ன சொல்றார்?"

"அவர் சிரிக்கிறார். அவங்க அம்மா சிரிக்கல. வேற பொண்ணு பாக்கிறேங்கிறாங்க."

அவள் அழவில்லை. பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். எனக்கு வந்த சிரிப்பு போய்விட்டது.

யாரோ எழுத்தரின் கைப்பிழை. நீதிமன்றமே வேண்டாம், மனு போதும். அரசு டாக்டர் சான்றிதழ், ஞானஸ்நானப் பதிவு, பள்ளிப் பதிவு எல்லாம் சேர்த்துக் கொடுத்தேன். பதிவு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். ஐந்து மாதத்தில் லூர்டெஸ் சட்டப்படி பெண்ணானாள்.

கல்யாண விருந்தில் அந்த மாமியாரே பன்றி வறுவலின் மொறுமொறுத் தோலை என் தட்டில் குவித்தார். என் கட்சிக்காரி மணக்கோலத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். மனம் நிறைந்திருந்தது. ஃபாதர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இதுக்கெல்லாம் உங்க வீட்டம்மாவுக்குத்தான் நன்றி சொல்லணும், அட்டர்னி. மூணு மாசம் விடாம வந்து கேட்டாங்க."

"என்னன்னு?"

"வாரத்துல ஒரு நாளாவது வீடு நிம்மதியா இருக்கணும், இவரைக் கோவில்ல வெச்சுக்கங்கன்னு."

மறுபக்கம் திரும்பினேன். அங்கே உட்கார்ந்திருந்த ரெமடியோஸ் நிதானமாக நூடுல்ஸைச் சாப்பிட்டு முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஃபாதர்," என்றாள், "ஞாயித்துக்கிழமை யாருக்கும் கேஸ் இல்லையா?"