பிந்திப் பூக்கிற சாதி

பொய் சொல்வதாக இருந்தால் முளைக்காத பொருளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நான் விதையைப் பற்றிச் சொல்லித் தொலைத்தேன்.

ஏப்ரலில் ஒருநாள் என் மனைவி செல்வமலர் ஒரு பைக்கற்றை நீட்டினாள்.

"பொப்பி விதை. பின்வளவுப் பாத்தியிலை தூவிவிடுங்கோ. இந்த வருசம் பூ இல்லையெண்டால் சனிக்கிழமையிலை கடதாசி விளையாடப் போறதும் இல்லை, சொல்லிப்போட்டன்."

அன்றைக்கே சனிக்கிழமை. நண்பன் பாலேந்திரா வீட்டில் எனக்காகச் சீட்டாட்டம் காத்திருந்தது. பைக்கற்றை ஜக்கெற் பொக்கெற்றில் திணித்துக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்ததும் கேட்டாள்.

"விதைச்சாச்சோ?"

"ஓம், ஓம். வடிவா விதைச்சாச்சு."

அன்று பிடித்தது சனி. வெறும் பாத்திக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வைத்தாள். களை பிடுங்க வைத்தாள். உரம் போட வைத்தாள். டென்மார்க்கில் எங்கள் ஊரான கிரின்ஸ்டெட் முழுக்கத் தேடினாலும் இவ்வளவு செல்லமாக வளர்ந்த வெறும் மண் கிடைக்காது. போதாததற்கு, வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு எமிலியாவின் வளவில் ஜூன் மாதமே பொப்பி பூத்துக் கொட்டியது. எனக்கு வயிறு எரிந்தது.

"அங்கை பூத்திட்டுது. இங்கை ஏனப்பா ஒண்டையும் காணேல்லை?"

"அது அவசரக்காரச் சாதி. எங்கடை பிந்திப் பூக்கிற சாதி."

"உங்களைப் போல எண்டு சொல்லுங்கோ. சரி, தண்ணியை ஊத்துங்கோ."

ஜூலைக் கடைசியில் குளிர்மழை. இந்த நாட்டில் அதற்குப் பெயர் கோடை. ஜக்கெற்றை எடுத்து மாட்டினால், பொக்கெற்றில் அதே பைக்கற்! வாயை டேப் போட்டு ஒட்டியிருந்தது. டெனிஷ்காரர் எதையும் எவ்வளவு பத்திரமாகச் செய்கிறார்கள் என்று மெச்சினேன்.

மலர் வேலைக்குப் போனதும் பாத்தியில் தூவினேன். எமிலியா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"இப்போது என்ன விதைக்கிறாய்?"

"பொப்பி. மனைவியிடம் சொல்லிவிடாதே."

"ஜூலையிலா?" என்று சிரித்தாள். உள்ளே போயும் சிரித்தாள்.

ஆனால் முளைத்தது! ஒரு கிழமையில் பாத்தி பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது. முளைகளைத் தின்ன வந்த நத்தைகளைக் குனிந்து குனிந்து பொறுக்கியதில் என் நாரி, இடுப்பெலும்பு எல்லாம் போய்விட்டது. போனால் போகட்டும், மானம் நின்றது. ஓகஸ்ட் முடிவில், செடிகள் முழங்காலைத் தொட்டதும், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூப்பிட்டேன்.

"இஞ்சை வாரும்! பாரும் உம்மடை பொப்பியை!"

மலர் வந்தாள். கையில் கத்தி, இடுப்பில் சுளகு. குனிந்து சரக் சரக்கென்று வெட்டத் தொடங்கினாள்.

"ஐயோ! பொப்பியை ஏனப்பா வெட்டுறீர்?"

"ஆருக்கு வேணும் பொப்பி? இது முளைக்கீரை."

எனக்குக் கீரையைச் சட்டியில் மட்டும்தான் தெரியும்.

"எத்தினை வருசமாக் கேட்டனான், கீரை போடுங்கோ எண்டு? டென்மார்க் மண்ணிலை வராது, நாரி நோகுது எண்டு சாட்டுச் சொன்னீங்கள். ஏப்ரலிலை ஜக்கெற்றைத் தோய்க்க எடுத்தன், பைக்கற் உடையாமல் கிடந்தது. விதையை மாத்தி ஒட்டி வைச்சன்."

"ஜூலை வரைக்கும் நான் விதைக்கேல்லையே!"

"கீரைக்கு அதுதானே சரியான காலம்? குளிருக்கை போட்டால் முளைக்குமே?"

"அப்ப பொப்பி?"

கத்தியால் வேலிக்கு அந்தப் பக்கம் காட்டினாள். எமிலியா கையசைத்தாள். நான் வயிறெரிந்து பார்த்ததெல்லாம் என் வீட்டு விதை!

"அப்ப சனிக்கிழமை..." என்று இழுத்தேன்.

"பூ பூத்தது உண்மைதானே? போயிட்டு வாங்கோ. உங்களுக்கு வாயாலை சொன்னால் ஏறாது, பொக்கெற்றிலை வைச்சால்தான் ஏறும்."

இவ்வளவு சுலபமாக விட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு பறந்தேன். முதல் கைச் சீட்டை எடுக்கும்போதே பாலேந்திரா மூக்கைச் சுழித்தான்.

"அண்ணை, என்ன, உள்ளி மணக்குது?"

மெல்லப் பொக்கெற்றுக்குள் கையை விட்டேன். நடுவதற்குப் பல்பல்லாகப் பிரித்த உள்ளிப்பூண்டு. இரண்டு பக்கமும்.