மூன்றாவது கடையின் முகம்

முதலில் வந்தவர் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டார். போர்டைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு கல்லாவில் இருந்த மகாராஜனிடம் தணிந்த குரலில், "எப்பம் எடுக்காவ?" என்று கேட்டார்.

"என்னத்த எடுக்க? சிக்கன் வேணும்னா டோக்கன் எடுங்க."

"துக்க வீட்டுல யாராவது கை நனைப்பாவளா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

திருவேங்கடத்திலும் குருவிகுளத்திலும் 'பொன்செல்வி ஃப்ரைட் சிக்கன்' நன்றாக ஓடியது. சங்கரன்கோவில் மூன்றாவது கடை; அன்றுதான் திறப்பு. இது ஓடினால்தான் தென்காசி, ராஜபாளையம் என்று போக முடியும். பெரிய கம்பெனி என்றால் போர்டில் ஒரு முகம் வேண்டுமாம். இறந்துபோன மனைவி பொன்செல்வியின் முகத்தைப் பத்தடி ஃப்ளெக்ஸில் போட்டிருந்தார் மகாராஜன்.

ஃப்ளெக்ஸ் அடித்த இசக்கித்துரையைக் கூப்பிட்டார்.

"ஏலே, அஞ்சலி போர்டு மாதிரில்லா இருக்கு."

"மதினி மூஞ்சி உம்முன்னு இருக்குல்லா அண்ணாச்சி. சிரிக்க வச்சிருவோம்."

கம்ப்யூட்டரில் சிரிக்க வைத்தான். மதியம் பொன்செல்வியின் தம்பி சண்டைக்கு வந்தான்.

"எங்கக்கா உங்க வீட்டுல என்னைக்கு அத்தான் இப்படிச் சிரிச்சா? யாரு பல்லு இது?"

"நெட்டுல கெடச்சது," என்றான் இசக்கித்துரை.

அதையும் இறக்கிவிட்டு, மகாராஜன் தன் படத்தையே போடச் சொன்னார். இசக்கித்துரை அவரை வெளுப்பாக்கி, வழுக்கையில் முடி நட்டு, இருபது வயதைக் குறைத்தான்.

சாயங்காலம் கூட்டம் வந்தது. "காலையில பொண்டாட்டி, இப்பம் புருசனா" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனது. அடுப்பில் எண்ணெய் ஆறிக் கிடந்தது.

பனவடலிசத்திரத்துக்காரர் ஒருவர் மாலையோடு உள்ளே வந்தார். போர்டில் இருப்பவர்தான் கல்லாவிலும் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியவில்லை. மகாராஜனுக்கு ஓர் ஆசை வந்தது. தன்னைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்று காதால் கேட்க யாருக்குக் கொடுத்துவைக்கும்?

"முதலாளி எப்படிப்பட்ட மனுசன் அண்ணாச்சி?"

"நான் அவன நேர்ல பாத்ததில்ல வே. மாலை அந்தப் பிள்ளைக்குத்தான் கொண்டாந்தேன். எம் பொண்டாட்டி ஆஸ்பத்திரில கெடந்தப்போ பக்கத்துக் கட்டில் அது. காலையில போர்டுல பாத்ததும் அடையாளம் தெரிஞ்சிட்டு. அப்போ இவன், 'மொத கடையத் தொறந்துட்டு வந்துருதேன், வந்துருதேன்'னு போன்லயே சொல்லிக்கிட்டு இருந்தான். கடைசித் தண்ணி நான்தான் ஊத்துனேன்."

அவர் மாலையைக் கல்லா மேசையில் வைத்தார்.

"போவட்டும். இன்னைக்காவது அவகிட்டப் போனானே."