நாப்பி கட்டின ட்ரௌட்

ஜூன் மாதக் குளிர்காலம் பிறந்து ஓக்லாந்து முழுவதும் ஹீட்டர் போட்டுக்கொண்டிருக்க, என்னுடைய மனுசன் கிளெமென்ட் மட்டும் ஆற்றில் இறங்குவதென்று முடிவெடுத்தார்.

முடிவெடுத்த ஆளைப் பற்றி நீங்கள் கொஞ்சம் அறிய வேண்டும். வாசலில் இருக்கிற தபால் பெட்டிக்குப் போக இரண்டு சோடி காலுறை போடுகிறவர். குளியலறைத் தரை குளிருதென்று ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காதவர். பிறந்தது மன்னாரில்தான். ஆனால் கடலைப் பஸ் யன்னலால்தான் பார்த்தவர். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு நான் மீன் முள் எடுத்துக் கொடுக்கிறேன். ஒன்று ஐந்து வயது ரேச்சல். மற்றது அவளுடைய தகப்பன். சின்னவனுக்கு இன்னும் பல் வரவில்லை, அவனால் தொல்லையில்லை.

"ஃப்ளை ஃபிஷிங்," என்றார், ஏதோ பட்டம் வாங்கினவர் மாதிரி. "இது சும்மா மீன்பிடி இல்லை தனு. புழு இல்லை, இறால் இல்லை. தூண்டில் முள்ளிலை இறகைக் கட்டி, பூச்சி மாதிரிக் காட்டி மீனை ஏமாத்திறது."

"உங்களாலை ஏமாத்தேலும் எண்டு ஆர் சொன்னது?"

"டெஸ்மன்."

டெஸ்மன் அவரோடு வேலை செய்கிறவர், பாபடோயிட்டோயில் இருக்கிறார். கூட்டத்தில் மூன்றாவது ஆள் ராஜூ, மலேசியாக்காரர். மூன்று பேரும் பகல் முழுக்கக் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருக்கிறவர்கள். மூன்று பேருக்கும் நீந்தத் தெரியாது.

பயிற்சி, பிளாட் புஷ் பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டின் பின்வளவில் நடந்தது. நெஞ்சு வரைக்கும் வருகிற ரப்பர் களிசானைப் போட்டுக்கொண்டு, புல்லில் நின்று, தலைக்கு மேலால் தூண்டிலைச் சுழற்றினார். முதல் வீச்சில் கொடியில் காய்ந்த என்னுடைய நைட்டி மாட்டியது. நல்ல எடை. சண்டை பிடிக்காமல் வந்தது.

பக்கத்து வீட்டு ஷாமினி அக்கா, தமிழ்நாட்டுக்காரர், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன தனு, உங்க வீட்டுக்காரர் கொசு அடிக்கிறாரா?"

"இல்லையக்கா, ட்ரௌட் மீன் பிடிக்கப் பழகுறார்."

"இங்கயா?"

"இஞ்சையும் அங்கையும் கிடைக்கப்போறது ஒண்டுதானே அக்கா."

முதல் பயணம் ட்ரௌட் ஆறு ஓடுகிற துராங்கிக்கு. நாலு மணித்தியாலம் காரில். வெள்ளி பின்னேரம் போனவர்கள் ஞாயிறு பின்னேரம் வந்தார்கள். மூக்கு சிவந்திருந்தது. கை வெறுமையாக இருந்தது.

"மீன் எங்கை?"

"பிடிச்சனான். விட்டிட்டன்."

"விட்டதோ? ஏன்?"

"அது ஒரு முறையப்பா. பெரிய மனுசற்றை விளையாட்டு. பிடிச்சு, ஒருக்கால் தடவி, திருப்பி ஆத்திலை விடுறது."

"எவ்வளவு பெரிசு?"

இரண்டு கையையும் விரித்தார். இடையில் எங்கள் சின்னவனைத் தாராளமாகக் கிடத்தலாம்.

"போட்டோ?"

"கை விறைச்சுப்போச்சு. போன் திறக்கேலாது."

"மூண்டு பேருக்கும் விறைச்சதோ?"

"ஒரே ஆறுதானே, தனு."

இரண்டாவது பயணத்திலும் பிடித்தாராம், விட்டாராம். இந்த முறை கை இன்னும் கொஞ்சம் அகல விரிந்தது. அந்த இரண்டு நாளும் இரண்டு பிள்ளைக்கும் இருமல். நான் சுவரில் சாய்ந்து நின்றபடி நித்திரை கொண்டேன். மாட்டுக்கும் குதிரைக்கும் அது சரி, எனக்குச் சரிவரவில்லை.

மூன்றாவது முறை பையைக் கட்டும்போது கட்டிலில் இருந்து சொன்னேன்: "இஞ்சை பாருங்கோ. இந்த முறை ஒரு மீனாவது வீட்டை வரவேணும். வந்தால், வாழ்நாள் முழுக்கக் குளிர்காலத்திலை போங்கோ, நான் வாய் திறக்கமாட்டன். வராட்டில், இனிமேல் சனிக்கிழமைக் காலமையிலை பிள்ளையள் உங்கடை பொறுப்பு. நான் நானாய் எழும்பும் வரைக்கும் என்னை ஒருத்தரும் கூப்பிடக்கூடாது."

சிரித்தார். "நீர் இனி அந்த நித்திரையை மறந்திடும்."

போகிற போக்கில் ஒரு பாடமும் எடுத்தார். "ஒண்டு தெரியுமோ? இந்த நாட்டிலை ட்ரௌட்டைக் கடையிலை விக்கக்கூடாது. சட்டம். ஆம்பிளை ஆத்திலை இறங்கினால்தான் அந்த மீன் வீட்டுக்கு வரும்."

அந்தச் சட்டத்தை எனக்குச் சொல்லித் தந்ததற்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

ஞாயிறு பின்னேரம் கார் வந்தது. ஹோர்ன் அடித்தபடி வந்தது. சில்லி பின்னை, அதுதான் ஐஸ் பெட்டியை, தோளில் தூக்கிக்கொண்டு வந்து குசினி மேசையில் வைத்து, ஐஸுக்குள்ளிருந்து மீனை இழுத்துக் காட்டினார். நல்ல மினுக்கமான மீன். குடல் எடுத்து, செதில் எடுத்து, வயிறு துப்புரவாகக் கழுவிக் கிடந்தது.

"ஆர் இவ்வளவு வடிவாய் வெட்டினது?"

ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

"நான்தான். ஆத்தங்கரையிலையே. டெஸ்மனுக்கும் ராஜூவுக்கும்கூட நான்தான் வெட்டிக் குடுத்தனான்."

சுடுதண்ணியில் குளிக்கப் போய்விட்டார். பாட்டும் கேட்டது. ரேச்சல் கதிரையில் ஏறி நின்று மீனைப் புரட்டினாள்.

"அம்மா, ஒய் இஸ் த ஃபிஷ் வேரிங் அ நாப்பி?"

சின்னவனுக்குக் கட்டுகிற நாப்பி மீனுக்கு எப்படி வந்ததென்று குனிந்து பார்த்தேன். கடையில் மீன் தட்டுக்கு அடியில் தண்ணியை உறிஞ்ச வைப்பார்களே, வெள்ளைப் பஞ்சுத் துண்டு, அது வயிற்றோடு ஒட்டிப்போய்க் கிடந்தது. காட்டாற்றில் குதித்த வீர மீன், நாப்பியோடு. ட்ரௌட்டைக் கடையில் வாங்க முடியாது. அப்போது இது, அதே சாயலில் கடையில் கிடக்கிற சால்மன்.

உரித்துக் குப்பையில் போட்டேன். அங்கேயே பிடித்துக் கேட்டிருக்கலாம். கேட்டால் இன்னும் பத்துப் பொய் வரும், சண்டையும் எனக்கு, சமையலும் எனக்கு. மீனைக் குழம்பு வைத்தேன். புளி கொஞ்சம் கூடுதலாக விட்டேன். பிறகு டெஸ்மனின் மனுசி மாகிரட் அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"எங்கடை மீனிலும் அந்தப் பஞ்சு கிடந்ததடி!" என்றார் மாகிரட் அக்கா. "ஆர் வெட்டினது எண்டு கேட்டன். கிளெமென்டாம். கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவானாம்."

அடுத்த போன் ராஜூவின் மனைவி ரோஸ்மேரிக்கு. அவர் சிரித்து முடியவே கொஞ்ச நேரம் எடுத்தது. "எங்க ஆளும் அதேதான் சொல்றாரு லா. கிளெமென்ட் கைராசியாம்."

"கைராசி எண்டால் விடக்கூடாது," என்றேன்.

அடுத்த சனிக்கிழமை காலை மாகிரட் அக்கா ஒரு வாளி நிறைய, செதில் எடுக்காத ஸ்னாப்பர் மீன் கொண்டுவந்தார். ரோஸ்மேரி இன்னொரு வாளியில் மல்லெட் மீன். என் பங்குக்கு நான் கணவாய் வாங்கி வைத்திருந்தேன். வாளிகளைத் தூக்கி வந்தது டெஸ்மனும் ராஜூவும். எதற்கென்று அவர்களுக்கும் சொல்லவில்லை. பின்வளவுக் குழாயடியில் பலகையைப் போட்டு, கிளெமென்டைக் கூப்பிட்டேன்.

"என்ன இது?"

"ஊரே உங்கடை கைவேலையைப் பற்றித்தான் கதைக்குது. எல்லாரும் நம்பி வந்திருக்கினம்."

டெஸ்மன் மேகத்தைப் பார்த்தார். ராஜூ கைத்தொலைபேசியைப் பார்த்தார்.

"கத்தி கூரில்லை," என்றார் கிளெமென்ட்.

"தீட்டி வைச்சிருக்கிறன்."

"கை ஒரு மாதிரி..."

"ஆத்திலை விறைச்ச கையோ? தண்ணி சுடவைச்சுத் தரட்டோ?"

ஸ்னாப்பரைத் தூக்கினார். பிள்ளைக்கு முதல் முதல் நாப்பி மாற்றின அன்றைக்கு இருந்த அதே முகம். செதில் பறந்து புருவத்தில் ஒட்டியது. மீன் கைநழுவிப் புல்லில் விழுந்தது.

"அது விடுறதுக்கான மீன் இல்லையப்பா, வெட்டுறதுக்கு," என்றார் மாகிரட் அக்கா.

"ஆத்துல செஞ்ச மாதிரியே செய்யுங்க லா," என்றார் ரோஸ்மேரி.

கணவாயை அமுக்கினார். மை சீறி டெஸ்மனின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அதோடு என் மனுசன் கத்தியைக் கீழே வைத்தார்.

"உண்மையைச் சொல்லுறன். அது ட்ரௌட் இல்லை. சால்மன். கடையிலை வாங்கினது. மூண்டும்."

'மூண்டும்' என்ற சொல்லைக் கேட்டதும் டெஸ்மனும் ராஜூவும் புல்லிலேயே குந்திவிட்டார்கள். மனைவிமார் எங்கள் மூவர் முகத்திலும் ஆச்சரியமில்லை.

"உமக்கு... முதலே தெரியுமோ?"

ரேச்சல் முந்திவிட்டாள். "டாடி, இட் ஹேட் அ நாப்பி!"

கிளெமென்ட் வாளியைப் பார்த்தார். வீட்டுக்குள் சின்னவன் அழுகிற சத்தத்தைக் கேட்டார். இன்றைக்குச் சனிக்கிழமை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல் என்னைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"அதுதான் பிடிச்சிட்டீரே, தனு. இனி விட்டிடுமன்."

"விடுறது பெரிய மனுசற்றை விளையாட்டு," என்றேன். "மிச்சக் கணவாயை முடிச்சுப்போட்டு, கையைக் கழுவிப்போட்டுப் பிள்ளையைத் தூக்குங்கோ, நான் படுக்கப் போறன்."