முதற்பெண்மணியின் அம்மாவும் மரபுத்துறையும்

உலகில் எத்தனையோ அரசுகள் எல்லையைக் காத்திருக்கின்றன, கருவூலத்தைக் காத்திருக்கின்றன. ஓர் அதிபரின் நெற்றி தரையில் படாமல் காத்த பெருமை மட்டும் சியோலில் உள்ள எங்கள் மரபுத்துறைக்கே உரியது. அடியேன் அதில் துணைச் செயலர்.

எங்கள் அதிபர் டாக் குவாங்-ஹோவுக்கு அறுபத்தேழு வயது. அவர் மணந்த போ-ரம் அம்மையாருக்கு இருபத்தெட்டு. 'இளமைக்கு அரசு வழங்கும் அங்கீகாரம்' என்று திருமண அறிக்கையில் எழுதியவன் நான்தான். சிக்கல் பெண்ணின் தாயாரிடமிருந்து வந்தது. அவர் தெற்குக் கடலோர ஊரான தோங்யோங்கின் சந்தையில் காய்ந்த கடற்பாசி விற்கிறவர். மாமியாரை முதன்முதலில் பார்க்கும் மாப்பிள்ளை நெற்றி தரையில் பட விழுந்து வணங்குவது எங்கள் வழக்கம். நாட்டின் தலைவர் பாசிக்காரி காலில் விழுவதாவது! ஆகவே கல்யாணத்தன்று அந்த அம்மாளுக்கு 'உடல்நலக் குறைவு' ஏற்படுத்தினோம்.

இப்போது அம்மையாருக்கு எட்டாம் மாதம்.

"பிள்ளை பெத்தவளுக்கு அவ அம்மாதான் பாசி சூப் வச்சுக் கொடுக்கணும். எங்கம்மாவை வரச் சொல்லுங்க. எனக்குப் பயமா இருக்கு," என்றார்.

உடனே அதிபர் தலைமையில் உயர்நிலைக் கூட்டம் கூடியது.

"அந்தம்மா உள்ள வரப்போ ஐயாவோட பேனா கீழ விழட்டும். ஐயா குனிஞ்சு எடுக்கட்டும்," என்றார் செயலர் குக்.

"பேனா எடுக்க நெத்தி எதுக்குங்க தரையில படணும்?" என்றேன்.

"சோபாவுக்கு அடியில உருண்டு போச்சுன்னு வைய்யா."

அதிபருக்குக் கோபம் வந்தது. "அந்தம்மா என்னைவிடப் பதினெட்டு வயசு சின்னவங்க. அவங்க முன்னாடி நான் விழணுமா?"

"நான் முப்பத்தொன்பது வயசு சின்னவ. அதுக்கு யாரும் கூட்டம் போடலையே," என்றார் அம்மையார்.

கோரிக்கை 'பரிசீலனையில்' வைக்கப்பட்டது.

அதற்குள் தேர்தல் வந்துவிட்டது. தேர்தல் என்றால் வேட்பாளர் சந்தை சந்தையாகப் போய், மக்கள் முன் விழுந்து வணங்கியாக வேண்டும். தோங்யோங் சந்தையில் அதிபர் ஈரத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். விழுந்த இடம் மாமியாரின் கடை வாசல்.

அந்த அம்மாள் பதறவில்லை. "எழுந்திருங்க மாப்பிள்ளை. சாப்பிட்டீங்களா?" என்றார்.

தொலைக்காட்சியில் பார்த்த அம்மையார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் அறைக்கே வந்துவிட்டார். அவ்வளவு சந்தோஷத்தோடு அவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

"விழுந்துட்டாருல்ல? இனிமே அம்மா வரலாம்ல?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போது என் கையில் இருந்தது அன்று மாலைக்கான விளக்க அறிக்கை: 'அதிபர் வணங்கியது வாக்காளரை. அவர் மாமியாராகவும் இருந்தது தற்செயல். அதை உறவுமுறை வணக்கமாகக் கருதக் கூடாது.'

அம்மையார் அதைப் படித்தார். ஒரு பையில் துணிகளை எடுத்து வைத்தார். வாசலில் காவலர்கள், எங்கே போகிறீர்கள் என்று பணிவோடு விசாரித்தார்கள்.

"அம்மா வீட்டுக்கு. அங்க இருக்கறவங்க வெறும் வாக்காளருங்க. அவங்களுக்குத்தான் இங்க மரியாதை."

முதற்பெண்மணி 'நல்லெண்ணப் பயணம்' மேற்கொண்டிருப்பதாக அறிவித்தோம். பெண் குழந்தை. பாசி சூப் நன்றாக இருந்ததாம். அதிபர் பெருவாரியான வாக்குகள் பெற்று வென்றார். இனி ஐந்தாண்டுகளுக்கு அவர் யார் காலிலும் விழ வேண்டியதில்லை. விழ வேண்டியது நாங்கள்தான்.